கையொப்பமும் மொய்யும்: சிறுமுதலீட்டுச் சுயாதீனத் திரைப்படங்களின் நிதிதிரட்டலும் பரிமாற்ற விளம்பரமும்

கருத்துச் சுருக்கம்

சிறுமுதலீட்டில் உருவாகும் சுயாதீனத் திரைப்படங்களுக்கு நிதி திரட்டுதல் ஒரு பணி, பார்வையாளரைச் சேர்த்தல் பிறிதொரு பணி என்று பிரித்துக் காணும் போக்கு நிலவுகிறது. இவ்விரண்டும் ஒரே செயலின் இரு முகங்கள் என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது. ‘பாதை தெரியுது பார்’, ‘மந்தன்’, ‘அம்மா அறியான்’, ‘லூசியா’ ஆகிய படங்களின் அனுபவங்களை எடுத்துக்காட்டி, தமிழ்ப் பதிப்புலகின் கையொப்ப முறையும் தமிழக ஊர்ப்புறங்களின் மொய் முறையும் இன்றைய முயற்சிகளுக்கு ஏற்ற முன்மாதிரிகளாக அமையும் என்றும், தமிழ்த்துறைகளுக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு என்றும் வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: சுயாதீனத் திரைப்படம், திரள்நிதி, கையொப்பம், மொய், பரிமாற்ற விளம்பரம், திரையிடல்.

முன்னுரை

தேசிய விருது பெற்ற தமிழ்த் திரைப்படம் ஒன்றைப் பாடத்தின் பொருட்டுக் காண விரும்பும் மாணவர், பல நேரங்களில் அதனைக் காணும் வழியறியாது நிற்க நேர்கிறது. ஜான் ஆபிரகாம் இயக்கத்தில் வெங்கட் சாமிநாதனின் எழுத்தில் உருவான ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977) சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. பரவலான திரையரங்க வெளியீடு அதற்கு வாய்க்கவில்லை. செழியனின் ‘டு லெட்’ படத்திற்கு அதே விருது 2018இல் அறிவிக்கப்பட்டது. படம் திரையரங்குக்கு வந்தது 2019 பிப்ரவரியில். நாற்பது ஆண்டு இடைவெளியில் தொழில்நுட்பம் முற்றிலும் மாறிவிட்டது. படச்சுருள் போய் எண்ணியல் ஒளிப்படக்கருவி வந்தது. ஒரு படத்தை எடுத்து முடிப்பதற்கான செலவும் குறைந்தது. எடுத்த படத்தை மக்களிடம் கொண்டு சேர்க்கும் செலவு மட்டும் குறையவில்லை.

எனவே, சிறுமுதலீட்டுப் படங்களின் சிக்கலைப் ‘பணம் இல்லை’ என்னும் ஒற்றைத் தொடரால் விளக்கிவிட இயலாது. பணம் எங்கிருந்து வருகிறது, அதைத் தருபவர் யார், தந்த பின் அவருக்கும் படத்திற்கும் உள்ள உறவு யாது என்னும் வினாக்களையும் சேர்த்தே எழுப்ப வேண்டியுள்ளது.

பணம் சேர்ந்தும் பார்வையாளர் சேராத நிலை

மக்களிடமிருந்து பணம் திரட்டிப் படம் எடுத்தல் இணையம் வந்த பின் தோன்றிய புதுமை என்று கருதப்படுகிறது. தமிழில் அதற்கு அறுபதாண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. இடதுசாரிச் சிந்தனையுடைய நண்பர்கள் கூட்டாக முதலிட்டுக் குமரி பிலிம்ஸ் என்னும் பெயரில் உருவாக்கிய ‘பாதை தெரியுது பார்’ 1960இல் வெளியானது. வங்கத்தில் ‘சின்னமூல்’ (1950) படத்தை இயக்கிய நிமாய் கோஷ் இதனை இயக்கினார், எம்.பி. சீனிவாசன் இசையமைத்தார், ஜெயகாந்தன் பாடல் எழுதினார். தொழிலாளர் வாழ்வைப் பேசிய இப்படம் மாநில மொழிப் படங்களுக்கான தேசியச் சான்றிதழையும் பெற்றது. ஆயினும் திரையரங்குகளில் அது நிலைக்கவில்லை. இன்று அதன் பாடல்களை அறிந்தோர் பலர். படத்தை அறிந்தோர் சிலரே.

இங்கு நிதி திரண்டது, திறமை திரண்டது, கொள்கைப் பற்றும் இருந்தது. விநியோகமும் திரையரங்கமும் அம்முதலீட்டாளர் வட்டத்திற்கு வெளியே, வணிகத் திரையுலகின் பிடியில் இருந்தன. முதலிட்ட கூட்டம் தயாரிப்பாளர் கூட்டமாக நின்றதேயன்றிப் படத்தைக் கொண்டு செலுத்தும் பார்வையாளர் அமைப்பாக விரியவில்லை என்பதே இதிலிருந்து பெறக்கூடிய முதன்மையான பாடம் எனலாம். ஐந்தாண்டுகளுக்குப் பின் ஜெயகாந்தனே இயக்கிய ‘உன்னைப்போல் ஒருவன்’ (1965) தேசிய அளவில் மதிப்புப் பெற்றும் இதையொத்த தடையையே எதிர்கொண்டது.

இரண்டு ரூபாயின் பொருள்

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு குஜராத்தில் கிடைக்கிறது. சியாம் பெனகல் இயக்கிய ‘மந்தன்’ (1976) திரைப்படத்திற்கு, குஜராத் கூட்டுறவுப் பால் விற்பனைக் கூட்டமைப்பின் உறுப்பினர்களான 5 இலட்சம் உழவர்கள் தலா 2 ரூபாய் அளித்தனர். திரண்ட தொகை 10 இலட்சம் ரூபாய். பால் ஊற்றும் ஒருவேளைத் தொகையிலிருந்து அந்த இரண்டு ரூபாய் கழித்துக்கொள்ளப்பட்டது. படத்தின் தொடக்கத்தில், அதனை வழங்குபவர்கள் குஜராத்தின் 5 இலட்சம் உழவர்களே என்று அறிவிக்கப்பட்டது.

இரண்டு ரூபாய் ஒரு குடும்பத்திற்குப் பெருஞ்சுமையன்று. அந்த இரண்டு ரூபாயால் உழவர் தயாரிப்பாளர் ஆனார். படம் வெளியானபோது ‘தம்’ படத்தைக் காண அவர்கள் கூட்டங்கூட்டமாகத் திரையரங்குகளுக்கு வந்தனர். பின்னர், கூட்டுறவுச் சங்கங்கள் இல்லாத ஊர்களில் அவற்றைத் தொடங்கும் பரப்புரைக்கும் இதே படம் திரையிடப்பட்டது. அதன் பாடல் அமுல் நிறுவனத்தின் விளம்பரத்தில் நெடுங்காலம் ஒலித்தது. படம் கூட்டுறவை விளம்பரப்படுத்தியது; கூட்டுறவு படத்தை விளம்பரப்படுத்தியது. விளம்பரத்திற்கெனத் தனியே ஒரு தொகை ஒதுக்காமலேயே இரு தரப்பும் பயன்பெற்ற இந்நிகழ்வைப் பரிமாற்ற விளம்பரத்தின் தெளிவான சான்றாகக் கொள்ளலாம். 2024ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் செவ்வியல் பிரிவில் மீட்டுருவாக்கம் செய்யப்பட்ட அப்படம் மீண்டும் திரையிடப்பட்டது.

‘மந்தன்’ முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. அங்கு ஏற்கெனவே இயங்கிவந்த வலுவான அமைப்பு ஒன்று உறுப்பினர் சார்பில் நிதியளித்தது. அவ்வாறான அமைப்பு பின்னணியில் இல்லாத கலைஞர் என் செய்வார்? இதற்கு விடையாக அமைந்தது கேரளத்தின் ‘ஒடேசா’ இயக்கம். ‘அக்ரஹாரத்தில் கழுதை’யை இயக்கிய ஜான் ஆபிரகாம், 1984இல் நண்பர்களுடன் தொடங்கிய இக்குழு, ஊர் ஊராகச் சென்று திரைப்படங்களைத் திரையிட்டு, அங்குக் கூடிய மக்களிடம் சிறுதொகைகளைப் பெற்றது. சாப்ளினின் படம் பார்க்க வந்தவர் அளித்த நாணயம் அடுத்த படத்தின் முதலாயிற்று. அவ்வாறு உருவான ‘அம்மா அறியான்’ (1986) வணிக வெளியீட்டை நாடாது, நிதி திரட்டிய அதே ஊர்வழிகளில் மக்களிடம் திரும்பிச் சென்றது. நண்பனின் சாவுச் செய்தியை அவன் தாய்க்கு உரைக்கச் செல்லும் ஒருவனோடு வழிநெடுகிலும் ஆட்கள் சேர்ந்துகொண்டே செல்வதாக அமைந்த அப்படத்தின் கதைப்போக்கும் படம் உருவான முறையும் ஒன்றையொன்று ஒத்திருப்பது குறிப்பிடத்தக்கது.

ஒடேசாவின் முறையில் வரிசை தலைகீழாக்கப்பட்டது. முதலில் திரையிடல், பின்னர் நிதி, அதன்பின் படம். பார்வையாளர் வட்டம் முதலில் உருவானது. படம் அதனிடமிருந்து பிறந்தது. ஆயினும் இந்த ஆற்றல் பெரிதும் ஒரு தனிமனிதரின் ஈர்ப்பைச் சார்ந்திருந்தது. 1987இல் ஜான் மறைந்தபின், அதே அளவில் மற்றொரு கதைப்படம் அவ்வழியில் எழவில்லை. ஒரு முறையியல் நிலைக்க வேண்டுமாயின் அது தனியாள் சாராத நடைமுறையாக மாற வேண்டும்.

இணையவழித் திரள்நிதி

கன்னடத்தில் பவன் குமார், தம் வலைப்பதிவின் வழி விடுத்த அழைப்பிற்கு 110 பேர் முன்வந்து, 27 நாள்களில் 51 இலட்சம் ரூபாய் திரண்டது. அவ்வாறு உருவான ‘லூசியா’ (2013) இலண்டன் இந்தியத் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருதைப் பெற்றது. ‘எனக்குள் ஒருவன்’ (2015) என்னும் பெயரில் தமிழிலும் மறுவாக்கம் செய்யப்பட்டது. படம் உருவாகிவந்த நிலைகளை அவர் முதலிட்டோருடனும் பொதுமக்களுடனும் தொடர்ந்து பகிர்ந்தமையால், வெளியீட்டிற்கு முன்பே அப்படத்திற்கென ஒரு வட்டம் அமைந்தது.

மலையாளத்தில் சனல்குமார் சசிதரனின் ‘ஒராள்ப்பொக்கம்’ (2014) சமூக ஊடகம் வழித் திரட்டிய நிதியில் உருவாகி, ‘சினிமா வண்டி’ என்னும் பயணத் திரையிடல் வழி ஊர்களைச் சென்றடைந்தது. ஒடேசாவின் வழித்தோன்றலாக இதனைக் கருதலாம். தமிழில் லீனா மணிமேகலையின் ‘மாடத்தி’ (2019), புதிரை வண்ணார் வாழ்வை மையமிட்ட படம், திரள்நிதியின் துணையுடன் உருவாகிப் பூசான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. 2021இல் இணையத்தளம் ஒன்றின் வழி வெளியானது. திலீப்குமாரின் சிறுகதையைத் தழுவி அருண் கார்த்திக் இயக்கிய ‘நசீர்’ (2020), ரோட்டர்டாம் விழாவைச் சார்ந்த ஹூபர்ட் பால்ஸ் நிதியைப் பெற்றது. சந்தை ஏற்கத் தயங்கும் பொருண்மைகளுக்கு இவ்வகை நிதிகள் இடமளிக்கின்றன என்பது மறுக்கவியலாத உண்மை. அதேவேளையில், நிதி எங்கிருந்து வருகிறதோ அங்கேயே முதற்பார்வையாளரும் அமைகின்றனர். அயல்நாட்டு விழா நிதியால் உருவாகும் தமிழ்ப்படம் முதலில் அயல்நாட்டு விழாவில் காணப்படுவது இயல்பே. தமிழகத்தில் அதற்கிணையான ஊற்று இல்லை என்பதே வருந்தத்தக்கது.

கையொப்பம்: பதிப்புலகம் தரும் முன்மாதிரி

இவ்வூற்றைத் தோற்றுவிக்கும் முறையைத் தமிழர் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழந்தமிழ் நூல்கள் அச்சேறிய வரலாறே அதற்குச் சான்றாகிறது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோது, நூலைப் பெற விரும்புவோரிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கியதை ‘என் சரித்திரம்’ விரிவாகப் பதிவுசெய்கிறது. ஓலையில் இருந்த நூல் அச்சேறுமுன்பே அதற்கு வாசகர் இருந்தனர். அவர்கள் அளித்த உறுதிமொழியே பதிப்பாசிரியரின் முதலாயிற்று. இன்றும் பெருநூல்களை வெளியிடும் பதிப்பகங்கள் ‘முன்வெளியீட்டுத் திட்டம்’ என்னும் பெயரில் இம்முறையைக் கையாள்கின்றன.

கையொப்பம் நன்கொடையிலிருந்தும் முதலீட்டிலிருந்தும் வேறுபட்டது. நன்கொடை அளிப்பவர் கைம்மாறு கருதுவதில்லை. எனவே பின்னர் கேள்வி கேட்கும் உரிமையையும் பெரும்பாலும் கைவிடுகிறார். முதலீடு செய்பவர் இலாபத்தை எதிர்நோக்குகிறார். சிறுமுதலீட்டுப் படம் அதனை உறுதியளிக்க இயலாது. கையொப்பமிடுபவரோ ‘இது வெளிவந்தால் நான் பெற்றுக்கொள்வேன்’ என்கிறார். அவர் முதல் நாளிலிருந்தே வாசகர் அல்லது பார்வையாளர். ‘பாதை தெரியுது பார்’ படத்திற்கு இல்லாது போனதும் ‘மந்தன்’ படத்திற்கு வாய்த்ததும் இந்த உறவே.

இன்றைய திரள்நிதி அழைப்புகள் பலவற்றில் நன்கொடையின் மொழியும் முதலீட்டின் மொழியும் கலந்து காணப்படுகின்றன. ‘நல்ல சினிமாவுக்கு உதவுங்கள்’ என்னும் வேண்டுகோளில் கலைஞர் இரவலர் நிலைக்குத் தாழ்கிறார். ‘இலாபத்தில் பங்கு’ என்னும் உறுதிமொழியில் கடனாளி நிலைக்கு உள்ளாகிறார். கையொப்ப முறையில் இரு தரப்பும் சமநிலையில் நிற்கின்றன. படத்தின் திரையிடல் ஒன்றை, ஒரு காட்சிக்குரிய நுழைவுச்சீட்டுகளை, அல்லது திரைக்கதை நூற்படி ஒன்றை முன்கூட்டியே விற்பது பிச்சையுமன்று, சூதுமன்று.

மொய்: பரிமாற்ற விளம்பரத்தின் இலக்கணம்

விளம்பரத்திற்கு மற்றொரு தமிழ் நடைமுறை வழிகாட்டுகிறது. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரங்களில் ஆடி மாதத்தை ஒட்டி நிகழும் மொய் விருந்து நன்கறியப்பட்டது. விருந்துக்கு வருவோர் செய்யும் மொய், பெயர் ஊர் குறித்து ஏட்டில் எழுதப்படும். பெற்றவர், அளித்தவரின் முறை வரும்போது கூடுதல் சேர்த்துத் திருப்பிச் செய்தல் வேண்டும். உறவு, கணக்கு, கடமை ஆகிய மூன்றும் ஒரே ஏட்டில் அமைகின்றன.

சுயாதீனப் படங்களின் பரிமாற்ற விளம்பரமும் இவ்விலக்கணத்தைப் பெற வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. தற்போது நடைபெறுவது பெரும்பாலும் ஒருவழிப் பரிந்துரையாகவே உள்ளது. புகழ்பெற்றவர் தம் பெயரைச் சிறிய படத்திற்கு வழங்குகிறார். ஆனந்த் காந்தியின் ‘ஷிப் ஆஃப் தீசியஸ்’ (2013) படத்தைக் கிரண் ராவ் வழங்கியபோது, ‘உங்கள் நகரில் இப்படம் வேண்டுமா’ என்று சமூக ஊடகம் வழி மக்களிடம் வாக்குக் கேட்கப்பட்டது. வாக்களித்த நகரங்களுக்குப் படம் சென்றது. லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) படத்தை விஜய் சேதுபதி தயாரித்தார். இவை பயனுள்ள துணைகளே. ஆயினும் எல்லாச் சிறிய படங்களுக்கும் ஒரு பெரிய பெயர் கிடைக்குமென எதிர்பார்க்கவியலாது.

சமநிலையில் உள்ளோர் தமக்குள் செய்துகொள்ளும் மொய்யே நிலையான வழி. ஒரு படத்தின் திரையிடலில் வேறிரு சுயாதீனப் படங்களின் முன்னோட்டங்களைக் காட்டுதல். அவ்விரு படங்களும் தம் திரையிடல்களில் அதனைத் திருப்பிச் செய்தல். ஒரு படக்குழு திரட்டிய பார்வையாளர்களுக்கு, அவர்தம் ஒப்புதலுடன், பிற குழுக்களின் அழைப்பையும் அனுப்புதல். வெவ்வேறு ஊர்களில் உள்ள படக்குழுக்கள் ஒருவர் ஊரில் மற்றவர் படத்தைத் திரையிடும் பொறுப்பேற்றல் என இதன் வடிவங்கள் பலவாகும். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவில்லை. தேவைப்படுவது ஓர் ஏடு. யார் யாருக்கு எத்தனை திரையிடல்களில் இடமளித்தனர் என்னும் கணக்கு இல்லையெனில், ஆர்வமுள்ள சிலர் கொடுத்துக்கொண்டே இருப்பர். ஏனையோர் பெற்றுக்கொண்டே இருப்பர். ஓராண்டில் அமைப்பு குலையும்.

இம்மொய் திரைக்குள் மட்டும் அடங்கவேண்டியதில்லை. சிறுகதையிலிருந்தோ நாவலிலிருந்தோ உருவாகும் படத்திற்கு அந்நூலின் பதிப்பகம் இயல்பான கூட்டாளி. திரையிடலில் நூல் விற்கப்படலாம். நூலின் புதிய பதிப்பில் படத்தின் அறிவிப்பு இடம்பெறலாம். மாவட்டந்தோறும் நடைபெறும் புத்தகக் கண்காட்சிகளும், எழுத்தாளர் அமைப்புகள் நடத்தும் கலை இலக்கிய இரவுகளும், சிற்றிதழ்களும் ஏற்கெனவே திரண்ட வாசகரைக் கொண்டவை. ‘மந்தன்’ படத்திற்குப் பால் கூட்டுறவு செய்ததைத் தமிழ்ச் சுயாதீனப் படத்திற்குச் செய்யவல்லது இந்த வாசகர் வட்டமே.

சட்டமும் கணக்கும்

நல்லெண்ணம் மட்டும் போதாது. இந்தியப் பங்கு மற்றும் பரிவர்த்தனை வாரியம் 2014இல் திரள்நிதி குறித்த கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்டது; எனினும் பொதுமக்களிடம் இணையவழியில் பங்குகளை விற்று நிதி திரட்டுவதற்கான தனி ஒழுங்குமுறை நடைமுறைக்கு வரவில்லை. நிறுவனங்கள் சட்டம், 2013இன்படி தனியார் ஒதுக்கீட்டு முறையில் ஒரு நிதியாண்டில் பொதுவாக 200 பேருக்கு மேல் பங்குகளை வழங்கவியலாது. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழரிடம் நன்கொடை பெறுவதாயின் அயல்நாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை)ச் சட்டம், 2010 குறுக்கிடும். எனவே, இலாபப் பங்கு தருவதாகப் பலரிடம் பணம் பெறும் இளங்கலைஞர் தம்மையறியாமலேயே சட்டச் சிக்கலுக்குள் செல்லக்கூடும். முன்விற்பனை என்னும் கையொப்ப வடிவம் இவ்வகையிலும் பாதுகாப்பானது. அதிலும் முறையான பற்றுச்சீட்டும் வரிக்கணக்கும் தேவை.

சட்டத்தினும் பெரிது நம்பிக்கை. தொடங்கிய வேகத்தில் நின்று, திரட்டிய பணம் என்னவாயிற்று என்னும் செய்தியையும் தராத முயற்சி ஒன்று, அடுத்து வரும் பத்து முயற்சிகளின் வாயிலை அடைத்துவிடுகிறது. படம் தாமதமாகலாம், தோல்வியுறலாம், அதனைப் பங்களித்தோர் பொறுத்துக்கொள்வர். மௌனத்தைப் பொறுத்துக்கொள்ள மாட்டார். நிதி அழைப்பிலேயே மூன்று செய்திகள் இடம்பெறல் வேண்டும்: எத்தொகை சேர்ந்தால் பணி தொடங்கும், அத்தொகை சேராவிடில் பணம் எவ்வாறு திருப்பித் தரப்படும், எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை கணக்கு வெளியிடப்படும். இவற்றோடு, பங்களிப்பவருக்குத் திரைக்கதையில் தலையிடும் உரிமை இல்லை என்பதும் தெளிவாகக் கூறப்படல் நன்று. பலரிடம் பெற்ற சிறுதொகையின் பெருஞ்சிறப்பே, எவரொருவரும் படைப்பை ஆட்டிவைக்க இயலாது என்பதுதான்.

தமிழ்த்துறைகளின் பங்கு

தரமான படம் தானே சந்தையைத் தேடிக்கொள்ளும் என்றும், இணையத் திரைத்தளங்கள் வந்தபின் இக்கவலை தேவையற்றது என்றும் கூறுவோர் உளர். இணையத்தளம் படத்தைக் கிடைக்கச் செய்கிறது. அதனைத் தேடிவரும் பார்வையாளரை உருவாக்கும் பொறுப்பை அது ஏற்பதில்லை. நூலகத்தில் நூல் இருப்பதும் அது வாசிக்கப்படுவதும் வேறு வேறு என்பதைத் தமிழாசிரியர்க்கு விளக்க வேண்டியதில்லை.

பல கல்லூரிகளின் தமிழ்ப் பாடத்திட்டத்தில் திரைப்படம் இடம்பெற்றுள்ளது. ஒவ்வொரு தமிழ்த்துறையும் ஆண்டுக்கு ஒரு சுயாதீனத் தமிழ்ப் படத்திற்குக் கையொப்பமிடலாம். படம் முடிந்து, தணிக்கைச் சான்றிதழ் பெற்றபின் இயக்குநருடன் ஒரு திரையிடல், அதற்கு ஓர் உரிய கட்டணம் என்பதே அக்கையொப்பத்தின் பொருள். ஒரு கணக்கிற்காக, நூறு கல்லூரிகள் தலா 10,000 ரூபாய்க்கு உறுதியளிப்பதாகக் கொண்டால் 10 இலட்சம் ரூபாய் திரளும். ‘மந்தன்’ படத்திற்கு உழவர் அளித்த தொகையின் எண்ணும் அதுவே. இன்றைய மதிப்பில் அது சிறிது. ஆயினும் நூறு அரங்குகளில் அமரும் மாணவர் கூட்டத்தின் மதிப்பு அத்தொகையினும் பன்மடங்கு. பணம் முடிந்த படத்திற்கே வழங்கப்படுவதால் கல்லூரிக்கு இழப்பில்லை; உறுதிமொழி முன்பே கிடைப்பதால் படக்குழு பிற நிதிகளைத் துணிந்து நாடலாம்.

ஆய்வு நிலையிலும் செய்ய வேண்டியவை உள. கா. சிவத்தம்பி, சு. தியடோர் பாஸ்கரன் முதலியோர் தமிழ்த் திரைப்படத்தைச் சமூக வரலாற்றோடு இணைத்து ஆராயும் வழியைத் திறந்தனர். இன்றைய ஆய்வேடுகளில் பெரும்பகுதி கருப்பொருள், பாத்திரப்படைப்பு என்னும் எல்லைக்குள் நின்றுவிடுகின்றது. ஒரு படத்திற்குப் பணம் வந்த வழியும் அது மக்களைச் சென்ற வழியும் அதன் உள்ளடக்கத்தைப் போன்றே ஆய்வுக்குரியவை. நிதி அழைப்பு, நன்றிப் பட்டியல், வரவுசெலவு ஏடு, திரையிடல் துண்டறிக்கை ஆகியவற்றை இன்றே சேகரிக்கவில்லையெனில், பின்னாளில் இவ்வியக்கத்தின் வரலாற்றை எழுதச் சான்றுகள் இரா. பழந்தமிழ்ப் பதிப்பு வரலாற்றை நாம் அறிவதற்கு அக்காலத்து முகவுரைகளும் கடிதங்களும் எத்துணை உதவின என்பதை எண்ணிப்பார்த்தல் தகும்.

முடிவுரை

மக்கள் நிதியால் உருவான படங்களின் அனுபவம் ஒன்றைத் தெளிவாக உணர்த்துகிறது. பணம் தந்தவரைப் பார்வையாளராகவும் பரப்புநராகவும் ஏற்ற படங்கள் மக்களைச் சென்றடைந்தன. பணத்தோடு அவ்வுறவை முடித்துக்கொண்டவை விருதுப் பட்டியல்களில் தங்கிவிட்டன. இதற்குரிய கருவிகளான கையொப்பமும் மொய்யும் தமிழ்ச் சமூகத்தின் கையில் ஏற்கெனவே உள்ளன. ஒன்று, வெளிவராத படைப்பின்மேல் நம்பிக்கை வைக்கும் முறை. மற்றொன்று, அந்நம்பிக்கையைக் கணக்கோடு திருப்பிச் செய்யும் முறை. வரும் கல்வியாண்டில் ஒரு பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளேனும் ஒன்றுகூடி ஒரு படத்திற்குக் கையொப்பமிடுமாயின், அதன் நிறைகுறைகளை அளந்து கூறும் அடுத்த கட்டுரையை இவ்விதழிலேயே எழுத இயலும்.